மே மாத மாணவர் விண்ட் பேண்டு கச்சேரி: பெயர்ப் பட்டியலில் தொடங்கி மேடை வரை

கோடை விடுமுறையில் 4 வாரப் பயிற்சி, கடைசியில் ஒரு மாலைக் கச்சேரி. விண்ட் பேண்டு என்றால் காற்றுக் கருவிகளும் தாளமும் சேர்ந்த குழு: ஃப்ளூட், கிளாரினெட், சாக்சபோன், டிரம்பெட், டிரோம்போன், தாளம் படிக்கும் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 24 பேர். சென்னையில் இப்படிப்பட்ட குழுக்களோடு பல கோடைகள் வேலை செய்திருக்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் நன்றாக வாசிப்பவர்கள்தான். வேலைகளின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். பாட்டை முதலில் எடுத்துவிட்டு ஆளை அப்புறம் எண்ணுகிறார்கள். சுருதியை முதலில் சேர்த்துவிட்டுக் கருவியை அப்புறம் சூடாக்குகிறார்கள். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டாலே பாதித் தலைவலி குறையும்.

1. முதலில் ஆள் கணக்கு

ஏப்ரலில் தேர்வு முடிவதற்கு முன்பே ஒரு தாள் தயார் செய்யுங்கள். பெயர், கருவி, எத்தனை மாதமாக வாசிக்கிறார், கருவி சொந்தமா பள்ளியுடையதா, மே மாதத்தில் எந்தெந்தத் தேதியில் ஊரில் இருக்க மாட்டார். கடைசிக் கேள்விதான் முக்கியம். "சார், பதினெட்டாம் தேதி பாட்டி வீட்டுக்குப் போறோம், இருபத்தஞ்சாம் தேதி வந்துருவோம்" என்று மூன்றாவது வாரத்தில் ஒரு அம்மா சொன்னால், உங்களுடைய ஒரே டெனர் சாக்ஸ் (தாழ்ந்த குரல் சாக்சபோன்) அங்கே போய்விட்டது என்று அர்த்தம்.

வைகாசி முகூர்த்தங்களும் இதே சமயத்தில்தான் வரும். ஊருக்குப் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் கடைசி 6 ஒத்திகைகளுக்கு வர முடியாதவருக்குத் தனி வரியோ, ஒற்றை ஆளை நம்பியிருக்கும் பகுதியோ கொடுக்காதீர்கள். பத்து நாள் வாசிக்காத உதடு மேடையில் முதல் பாட்டிலேயே ஓய்ந்துவிடும். அப்புறம் அந்தப் பிள்ளைக்குத்தான் அவமானம்.

தேதிகளைப் பெற்றோரிடமே கேளுங்கள். பயணச்சீட்டு எடுத்த விஷயம் பல பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது.

2. கணக்கு முடிந்த பிறகு பாட்டு

நம் ஊரில் 24 பேர் சேர்ந்தால் கூட்டணி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: ஃப்ளூட் 4, கிளாரினெட் 7, ஆல்ட்டோ சாக்ஸ் 4, டெனர் சாக்ஸ் 1, டிரம்பெட் 4, டிரோம்போன் 2, தாளம் 2. ஹார்ன், டியூபா, பாசூன் இருக்காது. முழு விண்ட் பேண்டுக்கு எழுதிய ஸ்கோரை (எல்லாக் கருவிகளுக்குமான சுரக் குறிப்பை) அப்படியே எடுத்தால் அடித்தளமே இல்லாத கட்டடம் மாதிரி ஒலிக்கும். நான்கைந்து பகுதிகளாக மட்டும் எழுதி, எந்தக் கருவி எந்தப் பகுதியை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விடும் ‘ஃப்ளெக்ஸ்’ வகை ஏற்பாடுகள் கிடைக்கின்றன. அவற்றில் தொடங்குங்கள். பாஸ் பகுதிக்கு டெனர் சாக்சையும் டிரோம்போன்களையும் போட்டு, அதுவும் போதவில்லை என்றால் ஒரு பாஸ் கிதார் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரேடு எண்ணில் ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. பிள்ளைகள் தனியாக எழுதும் டிரினிட்டி (லண்டன் டிரினிட்டி கல்லூரி) இசைத் தேர்வில் கிரேடு 1 முதல் 8 வரை உண்டு. ஸ்கோர் எவ்வளவு கடினம் என்று காட்டும் பேண்டு இசையின் கிரேடு வேறு கணக்கு. பெரும்பாலும் அரையில் தொடங்கி 5 அல்லது 6 வரை போகும். டிரினிட்டி கிரேடு 3 முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக பேண்டு கிரேடு 3 ஸ்கோரை வாங்கிவிட்டு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 4 வாரத்துக்குக் கிரேடு 1 இரண்டு, கிரேடு 2 ஒன்று போதும்.

வாங்குவதற்கு முன் ஸ்கோரில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கிளாரினெட்டின் கீழ்ச் சுரப் பகுதியும் மேல் சுரப் பகுதியும் சந்திக்கும் ‘பிரேக்’. ஏ சுரம் ஒலிக்க ஒரு விரல் போதும். அடுத்த பி-க்கு எல்லா விரலும் மூட வேண்டும். வேகமான இடத்தில் இதை மாற்றி மாற்றிக் கேட்டிருந்தால் முதல் வருடப் பிள்ளைக்குக் கீச்சுதான் வரும். இரண்டு, டிரம்பெட்டுக்கு ஓய்வு பார்கள் (வாசிக்காமல் விடும் தாளச் சுற்றுகள்) எத்தனை. ஓய்வே இல்லாத முதல் டிரம்பெட் பகுதி, ஸ்கோர் எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

மொத்த இசை 30 முதல் 35 நிமிடம். இதில் இரண்டு பாட்டாவது சின்னக் குழுவுக்கு இருக்கட்டும். ஃப்ளூட் மூவர், சாக்ஸ் நால்வர் என்று. அவர்கள் வாசிக்கும்போது டிரம்பெட்காரர்களின் உதடு ஓய்வெடுக்கும். சினிமாப் பாட்டை நீங்களே பேண்டுக்கு மாற்றி எழுதுவதென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். மே 20-இல் நினைவு வந்து பயனில்லை.

3. கருவிச் சோதனை, முதல் ஒத்திகைக்கு முன்

இதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். ஒத்திகைக்கு நடுவில் திருப்புளி தேடினால் 23 பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

டிரம்பெட்டில் அடிக்கடி வரும் புகார், "காத்தே போகல சார்." எண்ணெய் போடுவதற்காக வால்வுகளைக் கழற்றிய பிள்ளை, ஒன்றாம் வால்வை இரண்டாவது குழாயில் போட்டிருக்கும். வால்விலேயே எண் பொறித்திருப்பார்கள். சரியான குழாயில் விட்டு, ‘டிக்’ என்று உட்காரும் வரை மெல்லத் திருப்பச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தடவை தானே செய்த பிள்ளை அதற்கப்புறம் தப்பு செய்வதில்லை.

மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் முனை) மாட்டிக்கொண்டால் குறடு எடுக்காதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்றே மவுத்பீஸ் புல்லர் இருக்கிறது, ஒன்று வாங்கி வைத்தால் குழுவுக்கே காலமெல்லாம் ஆகும்.

கிளாரினெட், சாக்ஸ் பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று ரீட் (மவுத்பீசில் பொருத்தி ஊதும் மெல்லிய நாணல் பட்டை), 2 அல்லது 2½ அளவில். ஒரே ரீடை நாலு வாரம் ஓட்டினால் கச்சேரிக்கு முதல் நாள்தான் அது ஓரம் உடையும். மூன்றையும் நாள் மாற்றி நாள் வாசித்தால் எல்லாமே பழகியிருக்கும். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்து, தட்டையான உறையில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மவுத்பீசிலேயே விட்டு மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ரீடை வாயில் வைக்கக் கூடாது. மவுத்பீசை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதும் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: கருவியைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம். கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் ஏறும் சூட்டில், துளைகளை மூடும் பேடுகளை ஒட்டியிருக்கும் பசை இளகி, பேடு இடம் மாறும். மரக் கிளாரினெட் என்றால் விரிசலே விடலாம்.

4. நான்கு வார ஒத்திகை

நேரம் காலை 7 முதல் 9.30. பத்து மணிக்கு மேல் மின்விசிறி அறையில் பிள்ளைகளின் கவனமும் மூச்சும் சேர்ந்தே போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை 10 நிமிடம் தண்ணீர் இடைவேளை.

முதல் வாரம் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். தனித்தனிப் பிரிவாகப் பழகட்டும். முதல் நாளே முழுக் குழுவாக வாசித்தால் தப்பான விரல் யாருடையது என்று உங்களுக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அந்தத் தப்பு அப்படியே படிந்துவிடும். வார இறுதியில் ஒரே ஒரு முறை எல்லோரும் சேர்ந்து, மெதுவாக, தப்போ சரியோ நிறுத்தாமல் ஒரு பாட்டை வாசிக்கலாம். தன் சின்ன வரி எதற்காக என்று அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் புரியும்.

இரண்டாம் வாரத்தில் பாதி நேரம் பிரிவு, பாதி நேரம் சேர்ந்து. மூன்றாம் வாரம் சேர்ந்தே. புதுப் பாட்டு எதையும் மூன்றாம் வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும்.

நான்காம் வாரத்தில் நின்றுபோனால் மீண்டும் எடுக்கும் பயிற்சி வேண்டும். பார்ட்டுகளில் (ஒவ்வொருவரும் வாசிக்கும் தாளில்) ஏ, பி, சி என்று ஒத்திகை எழுத்துகள் இருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே குழப்பிவிட்டு "சி!" என்று சொல்லுங்கள், எல்லோரும் அந்த எழுத்தில் வந்து சேர வேண்டும். முதல் நாள் சிரிப்பும் களேபரமுமாக இருக்கும், நாலாவது நாள் இரண்டு பாருக்குள் சேர்ந்துவிடுவார்கள். மேடையில் தொலைந்த பிள்ளையின் முகம் எப்படி வெளிறும் என்று பார்த்தவர்கள் இந்தப் பயிற்சியைத் தவிர்க்க மாட்டார்கள்.

5. சுருதி: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

காற்றுக் கருவியின் சுருதி, குழலுக்குள் இருக்கும் காற்றின் சூட்டைப் பொறுத்தது. காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும்; சுருதி ஏறும். 1 டிகிரி செல்சியசுக்குச் சுமார் 3 சென்ட் ஏற்றம் (ஒரு அரைச் சுரம் 100 சென்ட்). காலை ஒத்திகை அறை 33 டிகிரி, கச்சேரி ஏசி அரங்கம் 23 டிகிரி என்றால் கணக்குப்படி 30 சென்ட் இறங்கும். வாசிப்பவரின் மூச்சு குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் இவ்வளவு வராது. ஆனால் சின்னக் கருவி சீக்கிரம் சூடாகும், பெரியது மெதுவாக. 20 பார் சும்மா இருந்த டிரோம்போன் குளிர்ந்திருக்கும், விடாமல் வாசித்த ஃப்ளூட் சூடாக இருக்கும். பிரச்சினை இந்த வித்தியாசத்தில்தான்.

அதனால் வரிசை இப்படி. முதலில் 10 நிமிடம் நீண்ட சுரங்கள். பிறகுதான் சுருதி காட்டும் டியூனர். குளிர்ந்த கருவியைச் சுருதி சேர்த்தால் அடுத்த பாட்டுக்குள் அது ஏறிவிடும், செய்த வேலை வீண்.

சேர்க்கும் சுரம் கச்சேரி சுருதியில் (தாளில் எழுதியபடி அல்ல, காதில் ஒலிப்பதில்) பி ஃப்ளாட். புதியவர்கள் "எல்லாரும் சி வாசிங்க" என்பார்கள்; கிளாரினெட்டில் எழுதிய சி, பி ஃப்ளாட்டாகவும் ஆல்ட்டோ சாக்சில் ஈ ஃப்ளாட்டாகவும் ஒலிக்கும். பி ஃப்ளாட் வர ஃப்ளூட்டும் டிரோம்போனும் பி ஃப்ளாட்டே வாசிக்க வேண்டும், கிளாரினெட், டிரம்பெட், டெனர் சாக்ஸ் சி, ஆல்ட்டோ சாக்ஸ் ஜி. இதை அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஒவ்வொருவராக டியூனர் முள்ளைப் பார்த்துச் சேர்த்தால் கடைசி ஆள் வருவதற்குள் முதல் ஆளின் கருவி குளிர்ந்துவிடும். நான் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை ஆறரைக் கட்டையில் போட்டுவிடுவேன். அது பி ஃப்ளாட்தான். நுண்திருகால் டியூனரோடு ஒத்து வைத்துக்கொண்டால், பெட்டி ஓடிக்கொண்டே இருக்க, பிரிவு பிரிவாகச் சேரலாம். கண்ணை முள்ளிலிருந்து எடுத்துக் காதைத் தீட்டுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

போன கோடையில் இரண்டு கிளாரினெட் பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்தேன். ஒரே சுரம், இரண்டு பேரும். ‘வவ்-வவ்-வவ்’ என்று ஒரு அலை அடித்தது. "அந்த ஆட்டம் கேட்குதா? நீ மட்டும் பேரலை ஒரு முடி அளவு இழு" என்றேன். பேரல் என்பது மவுத்பீசுக்கு அடுத்து இருக்கும் சின்னத் துண்டு. அவள் இழுத்து ஊதினாள், அலை மெதுவானது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள், ‘வ...வ்...’ என்று நீண்டு, நின்றுவிட்டது. இரண்டு பேருமே ஊதுவதை நிறுத்தாமல் கண்ணை அகல விரித்தார்கள். 440 ஹெர்ட்சும் 442 ஹெர்ட்சும் சேர்ந்தால் நொடிக்கு 2 அலை. அது நின்றால் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு வயதுக்கு இந்த விளக்கம் போதும்.

சுருதி ஏறியிருந்தால் இழுத்து நீளமாக்க வேண்டும், இறங்கியிருந்தால் உள்ளே தள்ள வேண்டும். பதற்றத்தில் தலைகீழாகச் செய்வார்கள். "உசந்தா இழு" என்று ஒரே வாசகமாக மனப்பாடம் செய்ய வையுங்கள். ஃப்ளூட்டுக்குத் தலைப்பகுதி, கிளாரினெட்டுக்குப் பேரல், சாக்சுக்குக் கார்க்கில் மவுத்பீஸ், பித்தளைக் கருவிகளுக்குப் பெரிய டியூனிங் ஸ்லைடு. கிளாரினெட் பேரலை 2 மில்லிமீட்டருக்கு மேல் இழுத்தால் நடுப் பகுதிச் சுரங்கள் மற்றவற்றைவிட அதிகம் இறங்கும். மீதியை நடு மூட்டில் இழுங்கள்.

ஏசி இல்லாத கூடம் என்றால் எல்லோருமே ஏறித்தான் இருப்பார்கள். கீபோர்டு இல்லாத குழுவானால் அடிப்படையையே (ஏ சுரத்தின் ஹெர்ட்சை) 440-லிருந்து 442-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது சுமார் 8 சென்ட். எல்லோரும் ஒன்றாக உயர்ந்திருந்தால் கேட்பவர் காதுக்கு உறுத்தாது. கீபோர்டோ குளோக்கன்ஸ்பீலோ இருந்தால் அதன் சுருதிக்குத்தான் மற்றவர்கள் இறங்க வேண்டும்.

6. அரங்கமும் நாற்காலியும்

அரங்கத்தைப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டிய கேள்வி: ஏசி எத்தனை மணிக்குப் போடுவார்கள்? பல இடங்களில் பார்வையாளர் வருவதற்கு அரை மணி முன்புதான் போடுவார்கள். ஒரு முறை நாங்கள் புழுக்கத்தில் மேடை ஒத்திகை முடித்துச் சுருதியும் சேர்த்து வைத்தோம். கச்சேரி நேரத்தில் அரங்கம் சில்லென்று இருந்தது, முதல் பாட்டு முழுக்க ஆளுக்கொரு சுருதி. கூடுதல் கட்டணம் கேட்டாலும் மேடை ஒத்திகையிலிருந்தே போடச் சொல்லுங்கள்.

வாடகை பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் கைப்பிடி வைத்ததாக வரும். டிரோம்போன் ஸ்லைடு அதில் இடிக்கும், ஃப்ளூட் பிள்ளையின் முழங்கைக்கு இடம் இருக்காது, முதுகு பின்னால் சாய்ந்து மூச்சும் குறையும். "கைப்பிடி இல்லாதது, 24" என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் வருவது கைப்பிடி வைத்ததுதான்.

முன்வரிசை வளைவில் ஃப்ளூட், கிளாரினெட். அடுத்து சாக்ஸ். பின்னால், முடிந்தால் ஒரு படி உயரத்தில், டிரம்பெட்டும் டிரோம்போனும். இவை நேராகக் குரல் கொடுப்பவை. முன்னால் இருப்பவரின் தலைக்கு மேல் போகவே அந்தப் படி. அதே உயரமென்றால் இடைவெளியில் உட்கார வையுங்கள், எந்த டிரம்பெட்டும் இன்னொரு பிள்ளையின் காதுக்கு நேரே இருக்கக் கூடாது. ஸ்னேர் டிரம்மின் கம்பிகளை வாசிக்காத நேரத்தில் தளர்த்திவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மெல்லிய ஃப்ளூட் இடத்தில் அதுவும் சேர்ந்து ‘ஸ்ஸ்ர்’ என்று அதிரும்.

மேடைக்கு மேலே மின்விசிறி இருந்தாலோ திறந்தவெளியில் மாலைக் கடற்காற்று அடித்தாலோ தாள் பறக்கும். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு துணி கிளிப், கூடவே பக்கம் திருப்பும் இடத்தில் எடுத்து மாட்டும் பழக்கம். கிளிப்பைக் கச்சேரி அன்றுதான் முதன்முதலாகக் கொடுத்தால் திருப்பும்போது கீழே விழும்.

மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அறிவிப்புக்கு ஒன்று, ஃப்ளூட் பக்கம் தேவைப்பட்டால் ஒன்று. எக்கோ வேண்டவே வேண்டாம். உள்ளரங்கத்தில் 22 காற்றுக் கருவிகளுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

7. கச்சேரி நாள்

காலையில் முழு ஒத்திகை வைக்காதீர்கள். இந்தத் தவற்றை நல்ல ஆசிரியர்களும் செய்கிறார்கள், பதற்றத்தில். உதட்டுத் தசையின் பலத்தைக் காலையிலேயே செலவழித்துவிட்டால் மாலையில் டிரம்பெட்டுக்கு மேல் சுரம் வராது. வீட்டில் 15 நிமிடம் மெதுவாக ஊதினால் போதும்.

மாலை 6 மணிக் கச்சேரி என்றால் 3.30-க்கு அரங்கம். 4 மணிக்கு மேடை ஒத்திகை: ஒவ்வொரு பாட்டின் தொடக்கமும் முடிவும், தாளம் மாறும் இடங்களும் மட்டும். 4.45-க்கு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் டிபன். இட்லியோ தயிர்சாதமோ, லேசாக. ரோஸ்மில்க், ஜூஸ், சாக்லேட் வேண்டாம் என்று பெற்றோரிடம் அன்பாக ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். எச்சிலோடு சர்க்கரை கருவிக்குள் போனால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும்; கருவியின் சாவியைத் தூக்கினால் ‘பச்’ என்று சத்தம் வரும். சாப்பிட்ட பிறகு எல்லோரும் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும்.

5.30-க்குச் சூடேற்றல். 5.45-க்குச் சுருதி. மேடைக்குப் பக்கத்தில் காத்திருக்கும்போது சத்தம் வராமல் சூடான மூச்சை மட்டும் குழலுக்குள் விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

8. மேடையில்

நடந்து வருவதையும் வணங்குவதையும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். யார் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வரிசையில், யார் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும் என்பது வரை. தெரிந்த காரியத்தில் தொடங்கினால் கை நடுக்கம் குறையும்.

பாட்டு வரிசையில் முதலாவது, எல்லோருக்கும் நன்றாக வரும் எளிய பாட்டு. கடினமானது இரண்டாவதோ மூன்றாவதோ; உதடு சூடாகியிருக்கும், ஓய்ந்திருக்காது. நடுவில் சின்னக் குழுக்கள். கடைசிப் பாட்டு உற்சாகமாக இருக்கட்டும், ஆனால் டிரம்பெட்டுக்கு எளிதாக.

சின்னக் குழு வாசித்து முடித்ததும் முழுக் குழுவுக்கு அரை நிமிடம் மறுபடி சுருதி பாருங்கள். சும்மா இருந்தவர்களின் கருவி ஏசியில் குளிர்ந்திருக்கும். பித்தளைக் கருவிகளின் தண்ணீர்ச் சாவியைத் திறந்து விடுவதற்கும் இதுதான் நேரம். குழாயில் தேங்கிய நீர் ‘களகள’ என்று சத்தம் போடும்.

வேகத்தைக் கூட்டாதீர்கள். கைதட்டல் கேட்டதும் குழுவை நடத்தும் கண்டக்டரின் கை தானாக வேகமெடுக்கும். ஒவ்வொரு பாட்டையும் தொடங்கும் முன் மிகக் கடினமான இரண்டு பாரை மனதுக்குள் பாடிப் பாருங்கள்; பிள்ளைகளால் எந்த வேகத்தில் அதை வாசிக்க முடியுமோ அதுதான் அன்றைய வேகம்.

9. முடிந்ததும்

கைதட்டல் ஓய்வதற்குள் தாத்தா பாட்டி மேடைக்கு வந்துவிடுவார்கள், படம் எடுப்பார்கள். எடுக்கட்டும், அதற்காகத்தானே இத்தனையும். அதற்கு 15 நிமிடம் விட்டுவிட்டு, எல்லோரையும் திரும்ப நாற்காலிக்கு அழையுங்கள். துணியைக் குழலுக்குள் இழுத்துத் துடைப்பது, ரீடை உறையில் வைப்பது, பார்ட்டுகளை எண்ணித் திருப்பிக் கொடுப்பது. ஒரு பார்ட் தொலைந்தால் அடுத்த கோடையில் அந்த செட்டையே பயன்படுத்த முடியாது.

ஏசியிலிருந்து வெளியே புழுக்கத்துக்குக் கொண்டு போனதும் குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் பூக்கும். வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, விசிறி ஓடும் அறையில் ஒரு மணி நேரம் கருவியை ஆற விட்டு, இன்னொரு முறை துடைத்து மூடச் சொல்லி அனுப்புங்கள். பள்ளிக்குச் சொந்தமான கருவிகளை மறுநாள் காலையில் நீங்களே திறந்து பாருங்கள். தளர்ந்த திருகு, கிழிந்த பேடு எதுவானாலும் அன்றே எழுதி வைத்தால் ஜூனில் வகுப்பு தொடங்குவதற்குள் பழுது பார்த்துவிடலாம்.